நெருப்பில்லாத அடுப்பில் கரி

சமையலறையில் பழகினவர்களுக்குக் கரியைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விறகடுப்பில் ஏற்றிய வெண்கலப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கைகளுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். காஸ் அடுப்பு வந்த பிறகு பாத்திரத்தின் அடி பளபளவென்று இருக்கிறது. ஆனால் என்றைக்காவது ஒரு நாள் பால் பொங்கி வழிந்து, அடுப்பின் துவாரங்களையும் காற்று புகும் வழியையும் அடைத்துக்கொள்கிறது. நீலமாக எரிந்த ஜ்வாலை மஞ்சளாகிறது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாத்திரத்தின் அடியில் அந்தப் பழைய விருந்தாளி வந்து உட்கார்ந்துவிடுகிறார்!

என்ன நடந்தது? காஸ் அதே காஸ்தான். பாத்திரமும் அதேதான். காற்று போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாம் எரிக்கும் காஸில் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கின்றன. போதிய பிராணவாயு கிடைத்தால் இரண்டும் எரிந்துபோகும். ஹைட்ரஜன் நீராவியாகும், கரி, கரியமில வாயுவாகும். பிராணவாயு போதாவிட்டால் கரி முழுவதும் எரிய முடியாது. பந்தியில் இலை கிடைக்காதவனைப்போலக் கரி ஒதுங்கி நின்றுவிடும். அப்படி நின்ற கரிதான் பாத்திரத்தில் ஒட்டுகிறது. ஆகவே, கரி என்பது பாதியில் நின்றுபோன எரிப்பு. இந்த ஒரு வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நாம் பார்க்கப்போவது ஒரு விசித்திரமான அடுப்பு. அதில் நெருப்பு இல்லை, ஜ்வாலை இல்லை, புகை இல்லை. எரிபொருளைக் கொடுத்தால் மின்சாரத்தைக் கொடுக்கும். அதற்கு எரிபொருள் மின்கலம் என்று பெயர். நெருப்பே இல்லாத அந்த அடுப்பிலும் கரி படிகிறது என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லிவிட்டேனே தவிர, அதனோடு மல்லுக்கட்டும் விஞ்ஞானிகளுக்கு அது வேடிக்கையாக இல்லை. படிந்த கரி அந்தக் கலத்தையே பிளந்து பொடியாக்கிவிடுகிறது!

* * *

முதலில் கலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸீ என்ற ஊரில் பிறந்தவர் வில்லியம் ராபர்ட் குரோவ். தொழில் வக்கீல், பிற்பாடு நீதிபதியாகவும் ஆனார். ஆனால் மனசெல்லாம் விஞ்ஞானத்தில். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 'அப்படியானால் அந்த இரண்டையும் மறுபடி சேர்த்தால் மின்சாரம் திரும்பி வராதா?' என்று குரோவ் யோசித்தார். பிளாட்டினத் தகடுகளை அமிலத்தில் நிறுத்தி, ஒன்றுக்கு ஹைட்ரஜனையும் மற்றொன்றுக்குப் பிராணவாயுவையும் கொடுத்தார். மின்சாரம் வந்தது! இது வெளிவந்த வருஷம் 1839.

இதில் என்ன சூட்சுமம்? அடுப்பில் எரியும்போது எரிபொருளும் பிராணவாயுவும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. எலெக்ட்ரான்கள் இங்கிருந்து அங்கே தாவுகின்றன. அந்தக் களேபரத்தில் உஷ்ணந்தான் மிச்சம். மின்கலத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பிவிடுகிறார்கள். எலெக்ட்ரான் சுவரைத் தாண்ட முடியாது; கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகிற வழியில் நம் விளக்கை எரித்துவிட்டு, விசிறியைச் சுற்றிவிட்டுப் போகட்டுமே என்று நாம் கம்பியை அங்கே கொண்டுபோய் மாட்டுகிறோம்.

இன்று பெரிதாகப் பேசப்படும் மின்கலங்களில் ஒரு வகைக்கு அந்தச் சுவர் பீங்கானால் ஆனது. ஜிர்கோனியா என்ற பொருளோடு யிட்ரியா என்ற மற்றொன்றைச் சிறிது கலந்து சுட்டது. ஜெர்மனியில் நெர்ன்ஸ்ட் என்ற மேதை 1899-ல் இந்தப் பொருளை ஒரு புதுமாதிரி விளக்குக்காகக் கையாண்டார். சாதாரணமாக இது மற்றப் பீங்கானைப்போலச் சும்மா கிடக்கும். எழுநூறு எண்ணூறு டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு மந்திரம் நடக்கிறது. காற்றிலிருக்கும் பிராணவாயு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அயனியாக மாறி, இந்தக் கெட்டியான பீங்கானுக்குள்ளேயே நுழைந்து மறு பக்கம் வந்து சேருகிறது. மறு பக்கத்தில் எரிபொருள் காத்திருக்கிறது.

அந்த எரிபொருள் பக்கத்துச் சுவரில்தான் நம் கதாநாயகன் இருக்கிறான். அவன் பெயர் நிக்கல். நிக்கல் தூளையும் அதே பீங்கான் தூளையும் கலந்து, இட்லியின் உள்ளே இருப்பதுபோல் ஏகப்பட்ட துவாரங்கள் இருக்கும்படி செய்த பூச்சு அது. அமெரிக்காவில் ஸ்பாஸில் என்பவர் 1960-களில் இந்தக் கலவையைக் கண்டுபிடித்தார். 1970-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றுவரை அதை அடியோடு வெல்ல இன்னொன்று வரவில்லை.

நிக்கல் நமக்குப் புதிய ஆள் அல்ல. 1950-ல் நம் குடியரசு வெளியிட்ட ஒரு ரூபாய் நாணயம் நிக்கல்தான். பிளாட்டினத்தோடு ஒப்பிட்டால் விலை அற்பம். 1455 டிகிரி வரை உருகாது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனிடம் ஒரு கைவேலை இருக்கிறது. தன்னைத் தொட்ட வாயுவின் அணுக்களைப் பிரித்துப்போடுவதில் அது மகா கெட்டிக்காரன்.

* * *

ஹைட்ரஜனை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஹைட்ரஜனைப் பெரும்பாலும் தயாரிக்கத்தான் வேண்டும். தானாகக் கிடைப்பது மீதேன். பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பெரும் பகுதி அதுதான். குழாய் வழியாக வீட்டுக்கு வரும் காஸ் அதுதான். சாக்கடைக் கழிவிலும், சாண எரிவாயுக் கலத்திலும் உண்டாவதும் அதுதான். 'மீதேனை நேராகக் கலத்தில் விட்டால் என்ன?' என்ற ஆசை யாருக்குத்தான் வராது?

மீதேனின் அமைப்பு சுலபமானது. நடுவில் ஒரு கரி அணு; அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன் அணுக்கள். அவற்றின் பிடி மிகவும் இறுக்கம். நிக்கல் அந்தப் பிடியை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. முதல் ஹைட்ரஜன் போகிறது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கடைசியில் நிக்கலின் மேல் ஒற்றைக் கரி அணு நிற்கிறது, பஸ்ஸை விட்டுவிட்ட பிரயாணியைப்போல.

இப்போது அதற்கு இரண்டு வழிகள். பக்கத்தில் பிராணவாயு இருந்தால், அது நீராவியிலிருந்து வந்ததானாலும் சரி, பீங்கானைத் துளைத்துக்கொண்டு வந்ததானாலும் சரி, அதோடு கைகோத்துக் கார்பன் மானாக்ஸைடாகக் கிளம்பிவிடும். இல்லாவிட்டால்? அங்கேயே தங்கிவிடும். பின்னால் வரும் கரி அணுக்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். காற்றில்லாத காஸ் அடுப்பில் நடந்த அதே கதை!

ஆனால் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் மேலாகப் படிந்தால் பரவாயில்லை. நிக்கலில் நடப்பது வேறு. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல, சூடான நிக்கலுக்குள் கரி கரைகிறது! கரைந்து, நிக்கல் துகளின் மேனி வழியாகவும் உள்ளாகவும் பிரயாணம் செய்து, மறு பக்கம் போய் வெளிப்படுகிறது. அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாக வளர்கிறது. வளரும் இழை தன்னை ஈன்ற நிக்கல் துகளையே பெயர்த்து, தலையில் தூக்கிக்கொண்டு நீள்கிறது. கரகாட்டக்காரி தலையில் கரகம் நிற்பதுபோல் இழையின் உச்சியில் நிக்கல் நிற்கும். இழையின் கனம், நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இது கதை அல்ல, கண்ணால் கண்டது. இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற இடத்தில் பேக்கர் என்பவரும் அவருடைய சகாக்களும், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் நிக்கல் துகள்களை வைத்து, அஸிட்டிலீன் வாயுவை விட்டு, இழை வளர்வதைப் பார்த்து 1972-ல் எழுதினார்கள். டென்மார்க்கில் டாப்ஸோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஹெல்வேக் என்பவரும் தோழர்களும் 2004-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மீதேனையும் ஹைட்ரஜனையும் கொடுத்து, அணு அடுக்குகள் தெரியும்படியே படம் பிடித்துவிட்டார்கள். அந்தப் படத்தில் நிக்கல் துகள் மெழுகைப்போல் நீளுகிறது; பிறகு வெடுக்கென்று சுருங்கி உருண்டையாகிறது; மறுபடி நீளுகிறது. ஒவ்வொரு நீட்டலுக்கும் கரி இழை வளர்கிறது. நிக்கலின் மேனியில் படிக்கட்டுபோல் இருக்கும் விளிம்புகளில்தான் கரி பிறக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. இதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

கோயில் கோபுரத்தின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட கடுகளவு விதைதான். ஆனால் வேர் விட்டுப் பெருத்தால் கருங்கல்லும் விலகிவிடும். மின்கலத்தின் துவாரங்களுக்குள் வளரும் கரி செய்வதும் அதுதான். முதலில் எரிவாயு போகும் வழியை அடைக்கிறது. பிறகு நிக்கல் துகள்களை இடம் பெயர்க்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தானே மின்சாரம் ஓடும்? கடைசியில் பீங்கானே விரிசல் விடுகிறது. விரிசல் விட்ட சுவரை மறுபடி ஒட்ட வழி இல்லை.

கரி வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு கார்பன் மானாக்ஸைடு சந்தித்தால், ஒன்று மற்றொன்றின் பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு கரியமில வாயுவாகிவிடும். பறிகொடுத்தது கரியாக விழும். இது சூடு குறைவான இடத்தில், சுமார் 700 டிகிரிக்குக் கீழே, மும்முரமாக நடக்கும். மீதேன் உடைவதோ சூடு ஏற ஏற அதிகமாகும். சூட்டை ஏற்றினால் ஒரு வழியில் கரி. இறக்கினால் இன்னொரு வழியில் கரி! கலத்தை ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும் ஆபத்து அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

* * *

இந்தக் கரியைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே, அதனால் உலகத்துக்கு நன்மை எதுவும் இல்லையா என்று கேட்டால், உண்டு. பெரிய நன்மைகள் உண்டு.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லுட்விக் மாண்ட் என்ற ரசாயன நிபுணர் ஒரு தொழிற்சாலை நடத்தி வந்தார். ஒரு புது முறைக்காக அவர் நிக்கலால் ஆன வால்வுகளைப் பொருத்தினார். சோதனைச் சாலையில் அவை நன்றாக வேலை செய்தன. தொழிற்சாலையிலோ ஒழுக ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்தால் கறுப்பாக ஒரு பொருக்கு, அதில் கரி! சோதனைச் சாலையில் உபயோகித்தது சுத்தமான கரியமில வாயு. தொழிற்சாலையில் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்த வாயுவில் துளி கார்பன் மானாக்ஸைடு கலந்திருந்தது.

இன்னொருவராக இருந்தால் வால்வை மாற்றிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். மாண்ட் அந்தக் கறுப்பை விடவில்லை. லாங்கர், குவிங்கே என்ற இருவரோடு சேர்ந்து, நிக்கல் தூளின் மேல் கார்பன் மானாக்ஸைடைச் செலுத்திப் பரிசோதித்தார். வெளியே வந்த வாயுவைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். குழாய் ஆறும்போது அந்தச் சுடர் திடீரென்று பிரகாசமாயிற்று. சுடரில் ஒரு குளிர்ந்த பீங்கானைக் காட்டினால், அதில் கண்ணாடிபோல் நிக்கல் படிந்தது! திடமான உலோகம் வாயுவாகிப் பறந்து வந்திருக்கிறது. 1890-ல் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். சுத்தமான நிக்கல் எடுப்பதற்கு இதுவே ஒரு முறையாயிற்று. 1902-ல் கிளைடாக் என்ற ஊரில் அதற்கு ஆலை எழும்பியது. அது குரோவ் பிறந்த ஸ்வான்ஸீக்குப் பக்கத்தில்தான். இன்னொரு பொருத்தமும் சொல்ல வேண்டும். குரோவின் கலத்தை எடுத்து, அதை நிலக்கரி வாயுவில் ஓட்ட 1889-ல் முயன்றவர்களும் இதே மாண்டும் லாங்கருந்தான்!

மாண்டின் செய்தி பிரான்சுக்குப் போயிற்று. டுலூஸ் நகரத்தில் ஸபாட்டியே என்ற பேராசிரியர், ஸாண்டரான் என்ற பாதிரியாரோடு சேர்ந்து, நிக்கலின் மேல் எதிலீன் வாயுவைச் செலுத்தினார். இது 1897-ல் நடந்தது. நிக்கல் தணல்போல் ஒளிர்ந்தது. கரி வந்து குவிந்தது. கூடவே வெளிவந்த வாயுவை ஸபாட்டியே ஆராய்ந்தார். அது எதிலீன் அல்ல; ஹைட்ரஜன் ஏறிய ஈதேன். 'கரியை உதிர்த்த நிக்கல், பிரிந்த ஹைட்ரஜனை மற்றொன்றில் ஏற்றியிருக்கிறது!' என்று கண்டுகொண்டார். 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வித்தையை எண்ணெயில் காட்டினால் எண்ணெய் கெட்டியாகும் என்று ஜெர்மனியில் நார்மன் என்பவர் கண்டார். அப்படி வந்ததுதான் வனஸ்பதி. 1937-ல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த டால்டா டப்பாவுக்கும் நிக்கலில் படிந்த கரிக்கும் இப்படி ஓர் உறவு!

* * *

கரி வந்தால் என்ன செய்வது? 'தேய்த்துக் கழுவினால் போயிற்று' என்று நீங்கள் சொல்லலாம். அல்லது, 'காற்றை விட்டுக் கரியை எரித்துவிடலாமே' என்று வீட்டிலுள்ள கல்லூரி மாணவர் சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே பலிக்காது. சூடான நிக்கலுக்குக் காற்றை விட்டால், கரி எரிவதோடு நிக்கலும் துருப்பிடித்து ஆக்ஸைடாகும். ஆக்ஸைடான நிக்கல் ஏறக்குறைய எழுபது சதவீதம் பருத்துவிடும். அந்த வீக்கத்தைப் பீங்கான் எப்படித் தாங்கும்? கரியால் ஆகவிருந்த விரிசல் துருவால் ஆகிவிடும். பிராணவாயு குறைந்தால் கரி, மிஞ்சினால் துரு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும்.

ஆகவே முக்கியமான வைத்தியம் நீராவி. மீதேனோடு நீராவியைச் சேர்த்துக் கொடுத்தால், கரிக்கு வேண்டிய பிராணவாயு அதிலிருந்து கிடைத்துவிடும். உரத் தொழிற்சாலைகளில் இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது இப்படித்தான். அங்கேயும் நிக்கல்தான் வேலைக்காரன். கணக்குப்படி ஒரு பங்கு மீதேனுக்கு ஒரு பங்கு நீராவி போதும். கரிக்குப் பயந்து இரண்டரை, மூன்று பங்கு கொடுக்கிறார்கள். அதிகம் கொடுத்தால் நஷ்டம் இல்லையா? உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைக்க உஷ்ணம் செலவாகும். எரிபொருளோடு தண்ணீர் கலந்தால், நீர்த்துப்போன மோரைப்போலக் கலத்தின் சக்தியும் குறையும்.

இங்கே கலத்தின் சுபாவமே கைகொடுக்கிறது. ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து நீராவியாவது எரிபொருள் பக்கத்தில்தான். வெளியேறும் அந்த வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டால், வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை குறைந்துவிடும்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் ரசமானது. கலத்துக்கு வேலை கொடுப்பது! கம்பியை இணைத்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இருந்தால், பீங்கான் வழியாகப் பிராணவாயு அயனிகள் வந்துகொண்டே இருக்கும். வந்தவை கரியைப் பிடித்துக்கொண்டு போகும். மின்சாரம் எடுக்காமல் கலத்தைச் சும்மா சூட்டில் வைத்து மீதேனை மட்டும் விட்டால் கரி குவியும். இதை ஆராய்ச்சிக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அயனிகள் பீங்கானை ஒட்டிய மெல்லிய பகுதியை மட்டுமே காப்பாற்றும். அதற்கு அப்பால் தள்ளியிருக்கும் நிக்கலுக்கு நீராவிதான் கதி.

மூன்றாவது, நிக்கலின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுவது. படிக்கட்டு விளிம்புகளில் கரி பிறக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த விளிம்புகளில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டால்? டென்மார்க் விஞ்ஞானிகள் 1998-ல் நிக்கலோடு துளித் தங்கம் சேர்த்துப் பார்த்தார்கள். கரி படிவது குறைந்தது. அதற்கு முன்னமே 1980-களில் அதே நாட்டில், துளிக் கந்தகத்தைச் சேர்த்துக் கரியை அடக்கும் ஒரு முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கந்தகம் நிக்கலுக்கு விஷம். ஆனால் அளவாகக் கொடுத்தால் வேலை கொஞ்சம் குறைகிறது. கரியோ வெகுவாகக் குறைகிறது. நம் வைத்தியர்கள் சேராங்கொட்டையைக் கையாளும் கணக்கு இது. மின்கலத்தில் மட்டும் கந்தகத்தோடு விளையாட முடியாது. பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே மின்சாரம் குறைந்துவிடும்.

நாலாவது, நிக்கலையே வேலையிலிருந்து நிறுத்துவது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் கோர்ட்டியும் சகாக்களும் 2000-ல் நிக்கலுக்குப் பதிலாகத் தாமிரத்தையும் ஸீரியா என்ற ஆக்ஸைடையும் வைத்துக் கலத்தை ஓட்டிக் காட்டினார்கள். தாமிரத்துக்கு மீதேனைப் பிரிக்கும் சாமர்த்தியம் இல்லை. அதனால் கரியும் இல்லை! ஆனால் அதே காரணத்தால் வேலையும் மந்தம். போதாததற்குத் தாமிரம் 1085 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு கீழேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்.

ஐந்தாவதாக, 2011-ல் ஜார்ஜியா டெக் என்ற சர்வகலாசாலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. நிக்கலின் மேல் பேரியம் ஆக்ஸைடைச் சின்னச் சின்னத் தீவுகளாகப் படிய வைத்தார்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கரி அணு நின்றால் அதற்குப் பிராணவாயுவை எடுத்துக் கொடுக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகும் பிள்ளைபோல! நிக்கலைத் தடுக்கவில்லை, மாற்றவும் இல்லை. அதன் வேலை பாதியில் நிற்காதபடி ஓர் ஆளைத் துணைக்கு வைத்தார்கள். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

* * *

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பீர்கள். மீதேனைக் கொளுத்தி எஞ்சினை ஓட்டினால், சிறிய எஞ்சின்களில் அதன் சக்தியில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் மின்சாரமாகும். இந்தக் கலத்தில் பாதிக்கு மேலேயே கிடைக்கும். மீதிச் சூட்டில் வெந்நீர் போடலாம். ஜப்பானில் 2009 முதல் வீட்டுக்கு வீடு மின்கலம் வைக்கும் திட்டம் நடந்து வருகிறது. 2011-லிருந்து அதில் இந்தப் பீங்கான் வகையும் சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிபோல் ஒரு பெட்டி வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். குழாய் காஸை வாங்கிக்கொண்டு மின்சாரமும் வெந்நீரும் கொடுக்கும். அதற்குள்ளே மீதேன், நிக்கல், நீராவி என்னும் இதே நாடகந்தான் இரவும் பகலும் நடக்கிறது.

அமெரிக்காவில் இந்த வகைக் கலத்தைப் பெரிய அளவில் செய்யும் ப்ளூம் எனர்ஜி நிறுவனத்தை 2001-ல் தொடங்கியவர்களில் தலையானவர் கே. ஆர். ஸ்ரீதர். நம் திருச்சி எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்தவர். அதற்கு முன் அவர் அரிஸோனா சர்வகலாசாலையில் இதற்கு நேர் எதிரான வேலை செய்துகொண்டிருந்தார். செவ்வாய்க் கிரகத்தின் காற்றில் பெரும் பகுதி கரியமில வாயு. மின்சாரம் கொடுத்து அதிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் கலம் அது. அதை ஏற்றிச் செல்லவிருந்த பயணம் ரத்தாயிற்று. ஆனால் வேறொரு குழு செய்த அதே மாதிரியான கருவி, 2021 ஏப்ரல் 20-ந் தேதி செவ்வாயில் பிராணவாயுவைத் தயாரித்துவிட்டது. 2023 வரை பதினாறு தடவை ஓடி 122 கிராம் கொடுத்தது.

அங்கேயும் நம் விருந்தாளி விடவில்லை! கரியமில வாயுவிலிருந்து ஒரு பிராணவாயுவை எடுத்தால் கார்பன் மானாக்ஸைடு மிஞ்சும். பேராசைப்பட்டு மின் அழுத்தத்தை ஏற்றினால், அதிலிருக்கும் இன்னொன்றும் கழன்று, கரி விழுந்து கலத்தைக் கெடுத்துவிடும். ஆகவே வோல்டேஜை ஓர் எல்லைக்குள் கட்டிவைத்துத்தான் அதை ஓட்டினார்கள். இந்தச் சமையலறைக் கரி எங்கே, செவ்வாய்க் கிரகம் எங்கே!

நமக்கு இதில் சொந்தமான ஆசை ஒன்று இருக்கலாம். சாண எரிவாயுவில் ஏறக்குறைய அறுபது சதவீதம் மீதேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கிராமத்துத் தொழுவத்திலிருந்தே மின்சாரம் எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி வேறென்ன? ஆனால் அதில் கந்தகம் கலந்த வாயுவும் சேர்ந்து வரும். முதலில் அதை வடிகட்ட வேண்டும். நீராவியையும் அளந்து சேர்க்க வேண்டும். இரண்டையும் மலிவாகச் செய்ய முடிந்தால், நிக்கல் பூசிய அந்தப் பீங்கான் நம் ஊர்த் தோட்டத்திலும் வேலை செய்யும். மீதேன் எங்கே எரிந்தாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும், மின்கலத்திலும் அப்படித்தான். ஆனால் பாதி எரிபொருளில் அதே மின்சாரம் கிடைத்தால், அந்தக் கரியமில வாயுவும் பாதியாகும் அல்லவா?

நிக்கலின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் திறமையால் அது மீதேனைப் பிரித்து மின்சாரம் தருகிறதோ, அதே திறமையால்தான் கரியையும் தருகிறது. திறமையைப் பறித்தால் தாமிரத்தைப்போல் மந்தமாகிவிடும். பிரித்த கரிக்கு உரிய நேரத்தில் உரிய அளவு பிராணவாயு போய்ச் சேர வேண்டும். அந்த அளவைக் காப்பதுதான் விஞ்ஞானிகளின் வேலையாக இருக்கிறது.

கடைசியாக, வீட்டுக்கு உபயோகமான ஒரு வார்த்தை. உங்கள் காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தால், பாத்திரம் கறுக்கிறதே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். பாதியில் நின்ற எரிப்பில் கரியோடு கார்பன் மானாக்ஸைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொல்லும் விஷம். ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்து, ஆறினபின் துவாரங்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். சுடர் மறுபடி நீலமாக எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.